வருகிறேன் என்றவர் வந்தார்



கைக்காசு போட்டுக் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள், காசு வாங்காமல் நடித்துக் கொடுக்கிறவரைப் பாராட்டுவதில் பயன் உண்டா, அது வெறும் சம்பிரதாயமா? இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு, நடுவர் அவர்களே. பயன் உண்டு என்பது இந்த அணியின் கட்சி. அதோடு நிற்காமல், அந்தப் பாராட்டு திருப்பிக் கொடுத்தே தீர வேண்டிய கடன் என்றும் இந்த அணி வாதிடும்.

நடிகரைப் பாராட்ட இராமநாதபுரம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கமல்ஹாசனுக்குச் சொந்த ஊர் பரமக்குடி. செந்திலுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர். அவர்களுக்கு விழ வேண்டிய கைதட்டல் தலைமுறை தலைமுறையாக விழுந்துகொண்டே இருக்கிறது, விழட்டும். இன்று பேச்சு வேறொருவரைப் பற்றி. யூடியூபில் பதினைந்து இருபது நிமிடம் ஓடும் ஒரு படத்தில் அப்பாவாகவோ படகோட்டியாகவோ டீக்கடைக்காரராகவோ வந்து போகிறவர் அவர். கடைசியில் "சிறப்பு நன்றி" என்று ஓடும் எழுத்துகளில், கண் சிமிட்டுவதற்குள் பெயர் மறைந்துபோகிறவர்.

எதிரணி நண்பர்கள் திறமையைப் பற்றி நிறையப் பேசினார்கள். நல்லது. ஆனால் பணமில்லாத படத்துக்கு முதல் தேவை திறமை என்று யார் சொன்னது? காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் ஆறு மணிக்கு வந்து நிற்பதுதான் முதல் தேவை. சுமாராக நடிப்பவரை ஐந்தாவது டேக்கில் தேற்றிவிடலாம். வராதவரை எந்த டேக்கில் தேற்றுவது?

இந்தக் கரையில் ஒருவரிடம் போய் "ஒரு நாள் கொடுங்கண்ணே" என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். இராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. மீன்துறையில் டோக்கன் வாங்கித்தான் படகு கிளம்ப வேண்டும். விசைப்படகுக்குப் போகும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நடிக்க வருகிறேன் என்கிறார். அப்படியானால் சனிக்கிழமை போன கடலிலிருந்து மறுநாள் விடியலில் கரையேறி, மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, படுத்துத் தூங்க வேண்டிய கண்ணோடு காமிரா முன்னால் வந்து நிற்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், ஆளும் சும்மா இருப்பார், அப்போது எடுத்துவிடலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் வலையைச் சரிபார்ப்பதும் அந்தக் காலத்தில்தான் என்பது பிறகுதான் தெரியவரும். வருமானம் இல்லாத அந்த நாட்களில் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் அக்காவைக் கூப்பிட்டால், கடல் வற்றும் நாளைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இவர்கள் யாருடைய நாளும் சும்மா கிடக்கும் நாள் இல்லை, நடுவர் அவர்களே.

சரி, வந்துவிட்டார். வந்தபிறகு என்ன நடக்கிறது? அரிச்சல்முனையில் ஒருவர் உட்கார்ந்து அறுந்த வலையை முடிகிற காட்சி என்று வைத்துக்கொள்வோம். நீலக் கட்டம் போட்ட கைலி, இடது தோளில் துண்டு, மூன்று நாள் தாடி. தூரத்திலிருந்து எடுக்கும் ஷாட் முடிவதற்குள் வெளிச்சம் இறங்கிவிடுகிறது. இருட்டிய பிறகு தனுஷ்கோடியில் வெளியாட்களை நிற்க விடமாட்டார்கள். முகத்தை நெருக்கத்தில் எடுப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்து மூட்டை கட்டுகிறார்கள். திரையில் இரண்டு ஷாட்டும் அடுத்தடுத்து வரப்போகின்றன. ஆகவே அடுத்த ஞாயிறும் அதே கைலி, அதே தோளில் அதே துண்டு. அதே மூன்று நாள் தாடிக்கு வியாழக்கிழமை மழித்துவிட்டு அதன்பின் கத்தியைத் தொடாமல் இருக்க வேண்டும். நடுவில் சனிக்கிழமை மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம் வந்தாலும் முகம் முள்முள்ளாகத்தான் இருக்கும். "சினிமாக்காரரு வந்துட்டாரு" என்று மாமியார் வீட்டில் கேலி பேசுவார்கள். அதையும் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்து உட்காருகிறாரே, அதற்குப் பேர் என்ன? கச்சான் காற்று அடிக்கும் மாதமாக இருந்தால், அவர் பேசிய வசனத்துக்குப் பதில் மைக்கில் வெறும் இரைச்சல்தான் பதிந்திருக்கும். திரும்பச் சொல்ல வேண்டும். எட்டாவது முறையும் முகம் கோணாமல் சொல்வார்.

உலகமே கொண்டாடும் ஒரு படமும் இப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்ததுதான். சத்யஜித் ராய் கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். காமிராவைப் பிடித்த சுப்ரத மித்ரா அதற்கு முன் சினிமாக் காமிராவைக் கையாண்டவரில்லை. அக்காவும் தம்பியும் நாணல் பூத்த வெளியில் நடந்துபோய் ரயிலைப் பார்க்கும் காட்சியில் பாதியை முதலில் எடுத்தார்கள். மறுவாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது. மீதியை எடுக்க அடுத்த பருவத்தில் பூ பூக்கும்வரை காத்திருந்தார்கள். பூ மறுபடி பூத்துவிடும், அது இயற்கை. அக்காவாக நடித்த பள்ளிக்கூடத்துப் பெண்ணும் தம்பியாக நடித்த பக்கத்து வீட்டுப் பையனும் மறுபடி வந்து அதே வெளியில் நின்றார்களே, அதை எந்த இயற்கை செய்தது? நடுவில் பணம் தீர்ந்து படமே மாதக்கணக்கில் நின்றுபோனது. பையனின் குரல் உடையவில்லை, பெண் சட்டென்று வளர்ந்துவிடவில்லை, கிழவியாக நடித்த சுனிபாலா தேவி உயிரோடு இருந்தார். இந்த மூன்றையும் அதிசயம் என்றே பின்னாளில் ராய் சொன்னார்.

அந்தச் சுனிபாலா தேவிக்கு அப்போது வயது எண்பதை ஒட்டி. நாளுக்கு இருபது ரூபாய் வாங்கினார், ஆகவே தொண்டராக நடித்தவர் என்று அவரைக் காட்டி இந்த அணி ஏமாற்றாது. ஆனாலும் அவர் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. பாடையில் வைத்துத் தூக்கிப்போகும் காட்சியில் அவரையே பிணமாகப் படுக்கவைத்தார்கள். ஷாட் முடிந்து பாடையை இறக்கியும் கிழவி அசையவில்லை. எல்லாருக்கும் நெஞ்சு அடைத்துப்போயிற்று. கடைசியில் கண்ணைத் திறந்து, ஷாட் முடிந்துவிட்டதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாராம். எண்பது வயதில் இப்படி ஒரு சொல் தவறாமை! 1955-ல் படம் வெளியாகி ஊர் உலகம் பாராட்டியபோது அதைக் கேட்க அவர் இல்லை.

அவ்வளவு தூரம் எதற்கு, இந்தக் கரைக்கே வருவோம். தனுஷ்கோடியில் எடுத்த 'செங்கடல்' இங்கே பலருக்கு நினைவிருக்கும். லீனா மணிமேகலை இயக்கி 2011-ல் முடித்த படம். 1964 டிசம்பர் புயல் தின்றுபோட்ட ஊரில், இன்றும் குடிசை போட்டு வாழும் மீனவர்களும் இலங்கையிலிருந்து வந்த அகதிகளும் அதில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்தது 2017-ல்தான். இந்தப் படம் எடுத்த நாட்களில் மணலில் வண்டியை உருட்டித்தான் உள்ளே போக வேண்டும். எல்லை தாண்டினான் என்று அடிபட்டதையும், போன படகு திரும்பாததையும், சொந்தப் பேச்சில் சொந்த முகத்தோடு காமிராவுக்கு முன் சொல்வதற்கு நடிப்புத் திறமை மட்டும் போதாது. நாளைக்கும் அதே கடலுக்குப் போக வேண்டியவர்கள் அதைச் சொன்னார்கள். தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் அதே ஆண்டில் அனுமதி வாங்கினார்கள்.

இதற்கு முன்னோடியும் உண்டு. இத்தாலியில் சிசிலித் தீவின் ஆச்சி திரெட்சா என்ற மீனவ கிராமத்தில், அங்குள்ள மீனவர்களை மட்டுமே வைத்து, அவர்கள் பேச்சிலேயே 1948-ல் விஸ்கோந்தி ஒரு படம் எடுத்தார். நமக்கு எதிர்க்கரையில், மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில், இலங்கைத் தமிழர்கள் எடுத்த 'வாடைக்காற்று' 1978-ல் வந்தது. மேடை நாடகக்காரர்களே பெரும்பாலும் அதில் நடித்தார்கள்.

'செங்கடல்' படத்தின் எழுத்தில் பங்கெடுத்து அதில் நடிக்கவும் செய்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அடுத்த நான்காண்டில், 2015-ல், ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்' படத்தின் நாயகன் அவர். கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம் அது. எதிரணி நண்பர்கள் இப்போதே துள்ளி எழுவார்கள், தெரியும். "பார்த்தீர்களா, சும்மா நடிப்பதற்குப் பரிசு தானாகவே வருகிறது, தனியாகப் பாராட்டு எதற்கு? கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜய் சேதுபதி கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்தார், 2012-ல் 'பீட்சா'வில் நாயகனாக நடித்தார். குறும்படத்திலிருந்து வந்த பாபி சிம்ஹா 'ஜிகர்தண்டா'வுக்குத் தேசிய விருதே வாங்கினார்" என்பார்கள். வாங்கினார்கள், மறுக்கவில்லை. லாட்டரியில் விழுந்த சீட்டைக் காட்டி, சீட்டு வாங்கிய எல்லாருக்கும் பரிசு என்று சொல்லக்கூடாது. செங்கடலில் ஷோபாசக்திக்குப் பக்கத்தில் நின்ற தனுஷ்கோடிக்காரர்களுக்கு அதற்குப் பிறகும் கடல்தான். அவர்களைத் தேடிக் கான் வராது. படமெடுத்தவரும் பார்த்தவரும் சொல்லாவிட்டால் அவர்கள் செய்ததை யாருமே சொல்லப்போவதில்லை.

எதிரணியின் இன்னொரு வாதம் சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. இனாமாக வேலை வாங்கிவிட்டு ஒரு பொன்னாடையைப் போர்த்தினால் கணக்குத் தீர்ந்ததா, பாராட்டு என்பது கூலி கொடுக்காமல் தப்பிக்கும் வழி என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அவர்கள் சொல்ல மறந்த உதாரணத்தை இந்த அணியே எடுத்துக் கொடுக்கும். 1948-ல் வந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் அப்பனாக நடித்த லம்பெர்த்தோ மஜோரானி தொழிற்சாலைத் தொழிலாளி. படம் உலகம் முழுக்கப் போயிற்று. அவர் ஆலைக்குத் திரும்பிப் போனார். ஆட்குறைப்பு வந்தபோது வேலை போய்விட்டது. சினிமாவிலும் பெரிதாக வாய்ப்பு அமையவில்லை. படத்தில் வேலைக்காக அலைந்தவர் நிஜத்திலும் அலைந்தார். கைதட்டல் அரிசி வாங்கித் தராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். படத்தை விற்றுக் காசு பார்க்கப் போகிறவர் கூலி கொடுக்க வேண்டும், பேட்டா கொடுக்க வேண்டும், பேச்சே கிடையாது. காமிரா வாடகைக்கும் டிரோன் வாடகைக்கும் முன்பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, நடிக்க வந்த அண்ணனிடம் மட்டும் "பட்ஜெட் இல்லண்ணே" என்பவரை இந்த அணி ஆதரிக்காது. இயக்கியவர் உட்பட யாருக்குமே காசில்லாத, கூட்டாகச் செய்யும் படம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு.

மகாராஷ்டிரத்தில் மாலேகான் என்று விசைத்தறி ஊர். அங்கே நாசிர் ஷேக் என்பவர் வீடியோ பார்லர் நடத்தினார். 'ஷோலே'யைத் தன் ஊர்க்காரர்களை வைத்துக் கேலிப்படமாக எடுத்தார். பிறகு ஒரு சூப்பர்மேன் எடுத்தார். அந்தச் சூப்பர்மேன் ஷஃபீக் ஷேக் என்ற ஒல்லியான தறித் தொழிலாளி. காற்றடித்தால் தானே பறந்துவிடுவார் போன்ற உடம்பு, அவரைப் பச்சைத்துணிக்கு முன்னால் வைத்துப் பறக்கவிட்டார்கள். படம் எடுத்த கதையையே ஃபைசா அகமத் கான் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' என்று ஆவணப்படமாக 2008-ல் எடுத்தார். தறியில் நின்று வேலை பார்த்த உடம்போடு வந்து, சொன்னதையெல்லாம் செய்த ஷஃபீக் புற்றுநோயில் இளவயதிலேயே போய்விட்டார். ஆனால் மாலேகான் அவரைச் சூப்பர்மேனாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா இயக்கத்து நண்பர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். இப்படி எடுத்த படங்களில் கூலி எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. மரியாதை எங்கே என்று கேட்டால் பதில் இருந்தாக வேண்டும்.

"வருகிறேன் என்று சொன்னவர் வருவது கடமைதானே, கடமைக்கு எதற்குப் பாராட்டு?" இப்படியும் ஒரு கேள்வி வந்தது. கால்ஷீட் கொடுத்துவிட்டு வராத நடிகர் மேல் தயாரிப்பாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம், முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சும்மா நடிக்க வருகிறவர் வராமல் போனால் எந்தச் சங்கத்தில் புகார்? அவரைக் கட்டிப்போட ஒரு தாள்கூடக் கிடையாது. வராமலிருக்க நூறு நியாயமான காரணம் இருக்கும்போது வருவதைக் கடமைப் பட்டியலில் எழுதுவது கஞ்சத்தனம்.

  

எப்படிப் பாராட்டுவது என்பதற்கு வெளியே போய்த் தேட வேண்டாம். கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும் ஊர்கள் இவை. அந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. ஒத்துக்கொண்டவர் அன்றிரவு வந்து சேர்வார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் நாடகம். அதனால்தான் நோட்டீசில் ஒவ்வொருவர் படமும் பெயரும் ஊரும் போட்டு அச்சடிக்கிறார்கள். அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லாமல் விட்டால் சண்டையே வரும். பெயர் சொல்வதன் அருமை தெரிந்த ஊரில் பிறந்துவிட்டு, குறும்படத்தின் டைட்டிலில் மட்டும் "மற்றும் பலர்" என்று போடலாமா? பெயரைப் போடுங்கள், ஊரைப் போடுங்கள், வாசிக்கிற வேகத்தில் ஓடவிடுங்கள்.

மொய் நோட்டு எழுதத் தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. அவர் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மொய்தான். எழுதி வைத்துக்கொண்டு திருப்பிச் செய்ய வேண்டும். அவர் வீட்டு விசேஷத்துக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போங்கள். அவர் பெண்ணின் பள்ளிக்கூட நாடகத்தை எடுத்துக் கொடுங்கள். படகு மானியத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டுமென்றால் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். பாராட்டு என்று இந்த அணி சொல்வதில் பாதி இதுதான்.

அதையும் காலத்தில் செய்யுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி நல்லாண்டி, மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' முழுவதையும் தன் தோளில் தூக்கிச் சுமந்தவர். 2022 பிப்ரவரியில் படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அடுத்த ஆண்டு அறிவித்த 69-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம் அதுவே. நல்லாண்டிக்கும் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அரசாங்கமே தாமதித்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். குறும்படம் எடுக்கிறவருக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை. படம் முடிந்த வாரமே ஒரு பென்டிரைவில் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்தத் தேர்வுக் குழு தடுக்கிறது?

நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் போகட்டும். இந்தக் கூட்டத்தில் குறும்படம் எடுத்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் படத்தில் நடித்தவர் அதைப் பார்த்துவிட்டாரா என்று இன்றிரவு போன் போட்டுக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தெருவிலேயே ஒரு வெள்ளைத்துணியைக் கட்டி ஓட்டிக் காட்டுங்கள். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.